தீபாவளி முடியட்டும்

தி.நகர் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குள் நுழைந்தால், கடை கண்ணில் படுவதற்கு முன்பே ஷண்முகப்ரியாவின் குரல் காதில் விழுந்துவிடும். “முப்பத்திரண்டுன்னு யாரு சொன்னது உங்களுக்கு? அளந்து பாத்தீங்களா? நீங்க முப்பத்தாறு. இத்தனை வருஷமா மூச்சு விடாமலா இருந்தீங்க?” என்று முன்பின் தெரியாத யாரோ ஒரு பெண்மணியை அதட்டிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்மணி வெட்கத்தில் நெளிவார். ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் போவார். அடுத்த மாதம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவார்.

கடையின் பெயர் அய்யாதுரை ஸ்டோர்ஸ். நைட்டி, உள்பாவாடை, பெண்களுக்கான உள்ளாடை, அவ்வளவுதான் சரக்கு. பாத்திரக் கடைக்கும் கவரிங் நகைக் கடைக்கும் நடுவே, ஷேர் ஆட்டோவில் நான்காவது ஆளாக ஏறியவர் போல ஒடுங்கிக்கொண்டு நிற்கும். முதலாளி அய்யாதுரை உடன்குடிப் பக்கத்துக்காரர். பெண்கள் உள்ளாடை விற்றே மேற்கு மாம்பலத்தில் வீடு வாங்கியவர், ‘பிரா’ என்ற வார்த்தையை மட்டும் வாழ்நாளில் வாயால் சொன்னது கிடையாது. ‘அந்தப் பக்கத்துச் சாமான்’ என்பார். ஒரு பெண் அந்தப் பக்கத்துக்கு வந்து நின்றால் போதும், ஸ்டூலோடு சேர்ந்து அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். சுவரில் திருச்செந்தூர் முருகன் காலண்டர். கரிநாள் எது, அஷ்டமி எது என்று அவருக்கு அத்துப்படி. வாடிக்கையாளர் பணம் நீட்டினால் முருகனைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி வாங்கிக்கொள்வார்.

பி.காம். முடித்த கையோடு அவர் மகள் ஷண்முகப்ரியா கடைக்கு வந்தாள். வந்ததும் முதல் சண்டை ட்ரயல் ரூமுக்காக. ‘உள்ளாடைகளைப் போட்டுப் பார்க்க அனுமதி இல்லை, மாற்றித் தரப்பட மாட்டாது’ என்று தடித்த எழுத்தில் ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. “போட்டுப் பாக்காம வாங்கினா அது துணியா, லாட்டரி டிக்கெட்டாப்பா?” என்று ஒரு வருஷம் கத்தித் தீர்த்தாள். கடைசியில், அட்டைப் பெட்டி அடுக்கி வைத்திருந்த பின்பக்கத்து மூலை அவளுக்குக் கிடைத்தது. ஆள் உயரக் கண்ணாடி, ஒரு விளக்கு, உள்தாழ்ப்பாள். கை இரண்டையும் விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். அவளுக்கு அது அரண்மனை. புதுச் சரக்கு எது வந்தாலும் அங்கே போய்த் தானே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விற்பனைக்கு வைப்பாள்.

இன்ஸ்டாகிராமில் கடைக்கு ஒரு பக்கமும் நடத்தினாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய அக்டோபரில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று அதை முழுக்க ரோஜா நிறத்தில் அலங்கரித்து, சுயபரிசோதனை பற்றி எங்கிருந்தோ கிடைத்த ஒரு வீடியோவைப் போட்டாள். இதயங்கள் குவிந்தன. ‘சூப்பர் அக்கா’ என்று கல்லூரிப் பெண்கள் எழுதினார்கள். அந்த வீடியோவை அவள் கடைசிவரை பார்த்தாளா என்று கேட்காதீர்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கடைவீதிக் குடும்பங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் தீபாவளி முடியும்வரை வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது. பல் வலித்தால் கிராம்பு. ஃபேன் நின்றுபோனால் விசிறி. சம்பந்தம் பேச வந்தால் ஒரு காபி. மற்றதெல்லாம் தீபாவளி முடியட்டும். ஷண்முகப்ரியா பிறந்ததே தீபாவளி கழித்துத்தான். “கடைக்காரம் பிள்ளைன்னு வயித்துக்குள்ளயே அதுக்குத் தெரிஞ்சிருக்கு” என்று அம்மா தங்கபுஷ்பம் சொந்தக்காரர்களிடம் பெருமையடிப்பாள்.

அப்பேர்ப்பட்ட சீசனில்தான், போன வருஷம் புரட்டாசி பிறந்த ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, திருப்பூரிலிருந்து வந்த புதுச் சரக்கைப் போட்டுப் பார்க்க ஷண்முகப்ரியா ட்ரயல் ரூமுக்குள் போனாள். பட்டை சரியாக உட்கார்கிறதா என்று இடது கையைத் தூக்கினாள். வலது கையால் பக்கவாட்டில் தடவினாள். அக்குளுக்குக் கொஞ்சம் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. தையலில் முடிச்சு போலிருக்கிறது என்று நினைத்து, துணியை விலக்கிவிட்டுத் தொட்டாள். முடிச்சு துணியில் இல்லை. ஊற வைத்த கொண்டைக்கடலை அளவுக்கு, அழுத்தினால் நழுவி ஓடிற்று. வலிக்கவே இல்லை.

கண்ணாடியில் தெரிந்த முகம் அவளுடையது மாதிரியே இல்லை. இருபத்தேழு வயது. ஐப்பசி கழிந்ததும் பெண் பார்க்க வருவதாகத் தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பம் சொல்லியிருந்தது. செத்துப்போய்விடுவோமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. அதை யாரிடம் சொல்வது என்ற பயம் அதைவிடப் பெரிதாக வந்தது. ஊரார் அளவையெல்லாம் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறவளுக்கு இந்த ஒரு சங்கதி தொண்டைக்கு மேலே ஏறவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம்தான் மென்று விழுங்கிச் சொன்னாள். தங்கபுஷ்பத்தின் கை நின்றது.

“சூட்டுக் கட்டிதாம்ட்டி. நாள் பூரா நிக்கே, ஒழுங்கா எண்ணெய் தேச்சுக் குளிக்க மாட்டுக்க. வேற என்ன வரும்?”

சொல்லிவிட்டு, எட்டி மேல் அலமாரியில் கையை விட்டு விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வீடு முழுக்கத் தேடுகிறவள், இதைத் தேடவே இல்லை. பாட்டிலில் பாதிதான் இருந்தது. ஷண்முகப்ரியா அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார்கள். காலையில் ஊற வைத்த வெந்தயம், மத்தியானம் இளநீர். “அப்பாட்ட சொல்லாத. தூத்துக்குடிக்காரவ காதுல விழுந்துறக் கூடாது. தீபாவளி முடியட்டும், டாக்டர்ட்ட காமிப்போம்” என்றாள் அம்மா. ஷண்முகப்ரியாவுக்கும் அது வசதியாக இருந்தது. பயந்தவளுக்குத் தள்ளிப்போடுவது மாதிரி இனிப்பான மருந்து வேறு கிடையாது. சூடு தணிந்தது, ஜலதோஷம் பிடித்தது, கொண்டைக்கடலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடையில் அவளுடைய சத்தம் குறைந்தது. முப்பத்திரண்டு கேட்டவர்களுக்கு முப்பத்திரண்டையே எடுத்துக் கொடுத்தாள். அய்யாதுரை முருகனிடமிருந்து ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சீசன் களைப்பு என்று விட்டுவிட்டார். விடாதவள் செண்பகம். சைதாப்பேட்டையிலிருந்து வருகிற விற்பனைப் பெண், ஷண்முகப்ரியாவைவிட இரண்டு வயது சின்னவள்.

“இன்னாக்கா, சவுண்டே காணோம்? மூஞ்சி வேற டல்லா கீது. தூத்துக்குடி மாப்ள வேணான்டானா?”

“ஒண்ணுமில்லடி.”

“ஒண்ணுமில்லாமதான் காலைலேர்ந்து எக்ஸெல் நைட்டிய ஸ்மால் ரேக்ல அடுக்கினுகீறியா?”

செண்பகம் அவளை ட்ரயல் ரூமுக்குள் தள்ளி, தானும் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். அந்த இடத்தில் இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும், பொய் சொல்ல வழியே கிடையாது. ஷண்முகப்ரியா அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

செண்பகம் போனை எடுத்து, கடையின் பக்கத்தைத் திறந்து, முந்தின வருஷத்து ரோஜா நிற வீடியோவை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இது யாரு போட்டது? நீ தான? எங்க தெருல அத்தினி பொண்ணுக்கும் அனுப்ச்சேன் நானு. அதுல இன்னா சொல்லிக்கிறாங்கோ? கட்டி தெரிஞ்சா ஒடனே டாக்டராண்ட போன்னு சொல்லிக்கிறாங்கோ. சுண்ணாம்பு தடவுன்னா சொன்னாங்கோ? ஓனரம்மாவே வூட்டு வைத்தியம் பாத்துனு இருந்தா நாங்கல்லாம் இன்னாக்கா பண்றது?”

ஷண்முகப்ரியா அழுகையோடு சிரித்துவிட்டாள். அன்றைக்குத்தான் அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தாள்.

ஆழ்வார்பேட்டையில் டாக்டர் நீரஜாவின் கிளினிக். தனியாகப் போகிறேன் என்றவளை விடாமல் அம்மாவும் கூடவே வந்து, கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டாக்டர் ஐம்பது வயது மயிலாப்பூர்க்காரர். கை பாட்டுக்குக் கட்டியைச் சோதிக்க, வாய் பாட்டுக்கு ஷண்முகப்ரியாவின் கடையில் காட்டன் நைட்டி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

“சின்ன வயசுல வர கட்டி பெரும்பாலும் சாதுவாத்தான் இருக்கும். ஆனா அதை என் கை முடிவு பண்ண முடியாது, உங்கம்மாவோட விளக்கெண்ணெயும் முடிவு பண்ண முடியாது. ஸ்கேன் பண்ணி, ஊசியால துளி எடுத்துப் பாத்துடலாம். வலிக்கலையேன்னு சும்மா இருந்துண்டு இருக்கக் கூடாது, என்ன?”

அப்புறம் சுயபரிசோதனை எப்படி என்று அவளையே செய்யச் சொன்னார். மாதவிலக்கு முடிந்து, மார்பில் கனமும் வலியும் அடங்கிய பிறகு, மாதம் ஒரு தடவை. முதலில் கண்ணாடி முன்னால், கையைத் தொங்கவிட்டு, பிறகு தூக்கி, பிறகு இடுப்பில் ஊன்றி. எப்போதும் இருக்கிற மாதிரி இருக்கிறதா, தோல் எங்காவது குழி விழுந்திருக்கிறதா, காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, ஏதாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு படுத்துக்கொண்டு, மூன்று விரல்களின் தட்டைப் பக்கத்தால், சின்னச் சின்ன வட்டமாக, காறை எலும்பு தொடங்கி அக்குள் வரை.

“கிள்ளாதே, பூரிக்கு மாவா உருட்டறே? அழுத்தித் தடவு. ஆங், அப்படித்தான். உன் உடம்பு வழக்கமா எப்படி இருக்கும்னு உன் விரலுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சாத்தானே ஒரு நாள் மாறினா புரியும்?”

ஷண்முகப்ரியா தற்செயலாக அம்மா பக்கம் பார்த்தாள். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக்கூடத் தங்கபுஷ்பம் இத்தனை கவனமாகக் காத்திருந்ததில்லை. கண் கொட்டாமல் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பைக்குப் பின்னால் அவள் கையும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஸ்கேன், அங்கேயே ஊசி. முடிவு வரும்வரை ஷண்முகப்ரியா தூங்கியது குறைச்சல். மனசுக்குள் தன் கல்யாணத்தை நிறுத்தினாள், மொட்டை போட்டுக்கொண்டாள், தன் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டாள்.

மறுபடி கிளினிக். நீரஜா காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார். “வெறும் நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை. ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் பாத்துக்கலாம். போய்க் கடையில சத்தமா வியாபாரம் பண்ணு.”

ஷண்முகப்ரியா உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதாள். முருகா முருகா என்று அம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். செருப்பை மாட்டி, கதவுக் கைப்பிடியில் கை வைத்த பிறகு தங்கபுஷ்பம் நின்றாள். திரும்பாமலேயே பேசினாள்.

“டாக்டரம்மா, எனக்கும் ஒண்ணு இருக்கு. இவளுக்கு மாதிரி நழுவ மாட்டுக்கு. ஒரே இடத்துல கல்லு மாதிரி இருக்கு.”

“எப்போலேர்ந்து?”

“போன வருசம் பாத்தேன். தீபாவளி முடியட்டும்னு இருந்தேன்.”

அந்தத் தீபாவளி முடிந்தது. பிறகு பொங்கல் வந்தது. பிறகு முகூர்த்த சீசன், பிறகு ஆடி, பிறகு மகளுக்கு மாப்பிள்ளைப் பேச்சு. அடுத்த தீபாவளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நீரஜா எழுந்து வந்து தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இந்தத் தடவை நைட்டி விலை எதுவும் விசாரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் ஷண்முகப்ரியா வெடித்தாள். “அந்த விளக்கெண்ணெய் யாருக்கு வாங்கினது? சொல்லும்மா, யாருக்கு வாங்கினது? நான் சொன்னதும் டக்குனு எடுத்தியே, பாதி பாட்டில் எங்க போச்சு?”

“கத்தாதட்டி. டிரைவர் தம்பி கேக்காவ.”

“கேக்கட்டும்! ஊரே கேக்கட்டும்!”

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உனக்குன்னு வந்ததும் பயந்துட்டேன். எனக்குச் சூட்டுக் கட்டின்னா உனக்கும் சூட்டுக் கட்டியாத்தான இருக்கணும்? அப்படி நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன்” என்றாள். ஷண்முகப்ரியாவின் கோபம் அந்த இடத்திலேயே உடைந்துபோயிற்று. மாம்பலம் வரும்வரை அம்மாவின் கையை விடவில்லை.

சோதனைகளில் அது புற்றுநோய்தான் என்று தெரிந்தது. இரண்டாம் கட்டம். குணமாக்க முடியும், ஆனால் இனி ஒரு நாளும் வீணாக்கக் கூடாது என்றார் நீரஜா. அப்பாவிடம் சொல்லும் வேலை ஷண்முகப்ரியாவுக்கு. கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, ஜாடைமாடையெல்லாம் இல்லாமல், மார்பகம் என்ற சொல்லை மார்பகம் என்றே சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். அய்யாதுரை பழக்க தோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். முதுகு குலுங்கிற்று. முருகனைப் பார்த்தபடியே, “ஆப்பரேசன் என்னைக்கி?” என்று கேட்டார்.

“தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைப்பா.”

கடைவீதியில் வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அந்த நாளில்தான். அவர் வாய் தன்னால் திறந்தது. “தீபா...” என்றவர் பாதியில் நிறுத்தினார். வாயை மூடினார். பேனாவை எடுத்து முருகன் காலண்டரில் அந்தச் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை சந்தில் கால் வைக்க இடமில்லை. அய்யாதுரை ஸ்டோர்ஸின் ஷட்டர் மட்டும் இறங்கியே இருந்தது. பாத்திரக் கடைக்காரர் பதறிப்போய், அவர்கள் வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு செண்பகத்துக்குப் போன் போட்டார். “அல்லாரும் நல்லா கீறாங்கோ. நீ யாவாரத்தப் பாரு நைனா” என்று செண்பகம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அதட்டினாள்.

தங்கபுஷ்பத்துக்கு இடது மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ, பிறகு கதிர்வீச்சு. முடி கொட்டியது, வாய் கசந்தது, சாம்பாரைப் பார்த்தாலே குமட்டியது. தூத்துக்குடிக்காரர்கள் விஷயம் தெரிந்து ஒதுங்கிக்கொண்டார்கள். “இதுக்கே ஓடுதவன் நாளைக்கு உனக்குத் தலவலின்னா டவுன் பஸ் ஏறிருவான், விடு” என்றாள் தங்கபுஷ்பம். வாந்தி எடுத்துக்கொண்டே அவளால் அப்படிப் பேச முடிந்தது.

ஆறாத ஒரு குறை மட்டும் இருந்தது. ஜாக்கெட் ஒரு பக்கம் சப்பென்று கிடக்க, அவள் வெளியே தலைகாட்ட மறுத்தாள். அய்யாதுரை வீட்டில் யாரிடமும் சொல்லாமல், செண்பகத்தை மட்டும் கூட்டிக்கொண்டு, தனக்குச் சரக்கு போடுகிற மொத்த வியாபாரியைத் தேடிப் போனார். கூட நின்ற செண்பகம் அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். நாலு பேர் நிற்கிற கடையில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் கேட்டாராம்: “பிரா வேணும். ஆப்பரேசன் ஆனவங்களுக்கு, ஒரு பக்கம் பேட் வச்சது. என் சம்சாரத்துக்கு. முப்பத்தெட்டு.” அளவு எப்படித் தெரியும் என்று பிற்பாடு ஷண்முகப்ரியா கேட்டதற்கு, “நீதானட்டி வீட்ல கத்திக்கிட்டே இருப்ப” என்று சொல்லிவிட்டு முருகனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

இந்த வருஷத் தீபாவளிச் சீசன். ட்ரயல் ரூம் கண்ணாடியின் ஓரத்தில், பார்க்க வேண்டிய விதமெல்லாம் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. நாலு சுவர், ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி, உள்தாழ்ப்பாள். கூட்டுக் குடித்தனத்திலும் ஹாஸ்டலிலும் இருக்கிற பெண்களுக்கு இது மாதிரி இடம் வேறு எங்கே வாய்க்கும் என்று ஷண்முகப்ரியா கேட்பாள். வாசலில் ஸ்டூல் போட்டு, சுருட்டைச் சுருட்டையாகப் புதிதாக முளைத்த முடியோடு தங்கபுஷ்பம் உட்கார்ந்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி கடை சாத்தும் நேரத்தில், காது மடல் நிறைய கம்மல் போட்ட ஒரு கல்லூரிப் பெண் வெளியே வந்தாள். “சைஸ் கரெக்டா இருக்கு ஆன்ட்டி.”

“சைஸு கெடக்கட்டும். அந்தப் படத்துல இருக்க மாதிரி கையத் தூக்கிப் பாத்தியா?”

அந்தப் பெண் அசடு வழிந்தாள். “வெளிய ஃப்ரெண்ட்ஸ் வெயிட் பண்றாங்க ஆன்ட்டி. வீட்ல போய்ப் பாத்துக்கறேன். இந்த தீபாவளி ரஷ் முடிஞ்சதும்...”

கல்லாவில் ஸ்டூல் கிறீச்சிட்டது. அய்யாதுரை சுவரிலிருந்து முழுசாகத் திரும்பி, அந்தப் பெண்ணை நேருக்கு நேர் பார்த்தார்.

“தீபாவளி வருசா வருசம் வரும்மா. நீ உள்ள போய்ப் பாத்துட்டு வா. கடைய அதுக்கப்புறம் சாத்திக்கிடலாம்.”

அவள் அவரைப் பார்த்தாள், ஸ்டூலில் இருந்த தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள், உள்ளே திரும்பிப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே நீண்டிருந்த வரிசையைப் பார்த்து, “கொஞ்சம் லேட்டாவும், அல்லாரும் நில்லுங்கோ” என்றாள் செண்பகம்.